விதை மாறினால் மண் சுத்தமாகுமா?

ஜப்பானின் முக்கிய நெல் மாகாணங்களில் ஒன்றான அகிதா, 2025 பருவம் முதல் தன் புகழ்பெற்ற 'அகிதகோமாச்சி' ரகத்துக்குப் பதிலாக 'அகிதகோமாச்சி ஆர்' ரகத்துக்கு மாறியுள்ளது. காரணம் விளைச்சல் அல்ல. புதிய ரகத்தின் வேர், மண்ணிலுள்ள காட்மியத்தைப் பெரும்பாலும் உறிஞ்சுவதில்லை.

அகிதா ஒரு காலத்தில் செம்பு, ஈயம், துத்தநாகச் சுரங்கங்களும் உருக்காலைகளும் நிறைந்த பகுதி. துத்தநாகத் தாதுவோடு சேர்ந்து வரும் காட்மியம், ஆற்று நீர் வழியே வயல்களில் படிந்தது. சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகும் அது மண்ணைவிட்டுப் போகவில்லை. உலோகம் மட்காது. நெடுநாள் உணவில் சேர்ந்தால் சிறுநீரகமும் எலும்பும் கெடும். தொயாமா மாகாணத்தின் 'இதாய் இதாய்' நோய்க்குக் காட்மியமே காரணம் என்று 1968-இல் ஜப்பான் அரசு அறிவித்தது.

தொயாமாவில் கெட்ட மண்ணைப் புதைத்து, மேலே நல்ல மண் பரப்பினார்கள். 863 ஹெக்டேரை மீட்க 33 ஆண்டுகள் ஆயின; 2012-இல்தான் பணி முடிந்தது. பெருஞ்செலவு பிடிக்கும் இந்த வழியை எல்லா வயல்களிலும் செய்ய முடியாது.

அடுத்த வழி, நீர் மேலாண்மை. கதிர் வருவதற்கு முன் மூன்று வாரம், பின் மூன்று வாரம் வயலில் நீர் நிறுத்தினால், காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத நிலைக்குப் போய்விடும். ஆனால் நீர் தேங்கினால் ஆர்சனிக் கரைந்து நெல்லில் ஏறும். வயலைக் காயவிட்டால் ஆர்சனிக் குறையும், காட்மியம் கூடும். புதிய ரகம் இந்தச் சிக்கலை அவிழ்க்கிறது: காட்மியம் பற்றிய கவலையின்றி வயலைக் காயவிடலாம்.

குறையும் உண்டு. வேரில் மாங்கனீசு நுழையும் வழியில்தான் காட்மியமும் நுழைகிறது. அந்த வழி அடைபட்டதால் மாங்கனீசும் குறைகிறது. அச்சத்து குறைந்த மண்ணில் பழுப்புப் புள்ளி நோய் கூடக்கூடும். அயனிக் கற்றை செலுத்தி உருவாக்கிய ரகத்தின் வழிவந்தது என்பதால், நுகர்வோரிலும் இயற்கை விவசாயிகளிலும் ஒரு பகுதியினர் எதிர்க்கின்றனர்.

என் கவலை வேறு. இந்த விதை அரிசியைக் காக்கும். மண்ணைச் சுத்தம் செய்யாது. அதே வயலில் அடுத்துக் கோதுமையோ சோயாவோ போட்டால் காட்மியம் அதில் ஏறும். மண்ணைச் சுத்தம் செய்ய எதிர்மாறான நெல் தேவை. காட்மியத்தை அதிகம் உறிஞ்சும் இண்டிகா ரகத்தை நீர் வடித்து இரண்டு ஆண்டு வளர்த்து, வைக்கோலோடு அகற்றிய ஆய்வில், மண்ணின் காட்மியம் 38 சதவீதம் குறைந்தது. அந்த இரண்டு ஆண்டும் விவசாயிக்கு உண்ணவோ விற்கவோ நெல் கிடைக்காது. அந்த இழப்பை யார் ஈடுகட்டுவது என்பதே கேள்வி. மாசு செய்தவரின் பொறுப்பு விதை மூட்டைக்குள் மறைந்துவிடக் கூடாது.

நம் மண்வள அட்டையின் 12 அளவீடுகளில் காட்மியமோ ஈயமோ இல்லை. உருக்காலை, உலோகக் கழிவுக்கு அருகில் வயல் இருந்தால், கன உலோகப் பரிசோதனையைத் தனியாகக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். கார அமில நிலையையும் பாருங்கள். மண் புளித்திருந்தால் காட்மியம் எளிதில் பயிருக்கு ஏறும். அத்தகைய மண்ணில் பரிந்துரைப்படி சுண்ணாம்பு இடுவது முதல் தற்காப்பு.