கரிசலுக்கு வராத தண்டவாளம்

மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் இடையே 508 கி.மீ. புல்லட் ரயில் பாதைக்கு 2017 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. தொடக்க மதிப்பீடே ரூ.1.08 லட்சம் கோடி. அதாவது கிலோமீட்டருக்கு ரூ.200 கோடிக்கு மேல். இவ்வளவு செலவு தேவையா என்ற விவாதத்தில் ஒரு தரப்பு நேரம் மிச்சமாகும் என்கிறது; மறுதரப்பு கடன் சுமையைக் காட்டுகிறது. கரிசல் காட்டுக் காலனியிலிருந்து பார்த்தால் வேறொரு கேள்வி எழுகிறது: தண்டவாளம் யாருடைய ஊர்வரை வருகிறது?

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, விளாத்திகுளம் வழியாகத் தூத்துக்குடிக்கு 143.5 கி.மீ. புதிய பாதை 2011-12இல் அனுமதிக்கப்பட்டது. மீளவிட்டான் - மேலமருதூர் இடையே சுமார் 18 கி.மீ. முதலில் முடிந்தது, மற்றப் பகுதி ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. 2025 ஜனவரியில், தமிழக அரசே இத்திட்டத்தை வேண்டாம் என்றதாக ரயில்வே அமைச்சர் கூறியதாகச் செய்தி வந்தது. மாநில அமைச்சர் சிவசங்கர் அதை மறுத்தார். பிறகு, அவர் குறிப்பிட்டது தனுஷ்கோடி பாதையைத்தான் என்று ரயில்வே விளக்கம் தந்தது. விளாத்திகுளத்துக்கு ரயில் வருமா என்பது இப்படி ஒரு பெயர்க் குழப்பத்தில் ஊசலாடியது.

தலித் மக்களுக்கு இது வெறும் பயண வசதி அல்ல. 1901இல் சிறுவன் அம்பேத்கர் குடும்பத்துச் சிறுவர்களுடன் ரயிலில் மசூர் நிலையம்வரை சிக்கலின்றி வந்தார். அங்கே சாதி தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியையும் சிறுவர்களே ஓட்ட வேண்டியிருந்தது. ரயில் நின்ற இடத்தில் தீண்டாமை தொடங்கியது.

பழைய கதை என்று ஒதுக்க முடியாது. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு, ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கவர்னகிரியின் வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டது. அந்தப் பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்ப, தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டது. முடிவில் எல்லாக் கழகங்களின் தலைவர் பெயர்களும் நீக்கப்பட்டன.

டிக்கெட் எடுத்தவருக்கு இருக்கை என்பது பொது வண்டியின் நியதி. அது வராத ஊரில் அடுத்தவர் டிராக்டருக்கும் அவர் தயவுக்கும் காத்திருக்க வேண்டும்.

2024 ஆகஸ்ட் 31 முதல் சென்னை - நாகர்கோவில் வந்தே பாரத் கோவில்பட்டியில் நிற்கிறது. நல்லதுதான். ஆனால் அதில் முன்பதிவில்லாப் பெட்டி கிடையாது. தீப்பெட்டி ஆலைத் தொழிலாளியின் மகள் நேர்முகத் தேர்வுக்குச் சென்னை போக, மற்ற ரயில்களின் நெரிசலான பொதுப் பெட்டியைத்தான் நம்ப வேண்டும்.

ஜப்பானில் 1964இல் அதிவேக ரயில் ஓடத் தொடங்கியபோது, அதில் இறங்கியவர் வீடு சேர ஊர் ரயில்கள் ஏற்கெனவே இருந்தன. இங்கே அந்த வரிசை தலைகீழாக இருக்கிறது.

வேகம் வேண்டாம் என்பதல்ல நம் வாதம். மதுரை - தூத்துக்குடி புதிய பாதையை முடியுங்கள், பொதுப் பெட்டிகளைக் கூட்டுங்கள் என்று ஒவ்வொரு கிராம சபையிலும் தீர்மானம் கேட்போம். படித்த பிள்ளைகள் மனுவை எழுதிக் கொடுங்கள். அதில் கையெழுத்திட ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை.