வீட்டுக்குள் திரும்பச் சொல்கிறார்கள்

போன தை மாதம் என் மகளை வகுப்பில் எழுப்பி நிறுத்தினார்கள். அவளை மட்டுமில்லை. ‘ஸ்காலர்ஷிப் பிள்ளைக எல்லாம் எந்திரிங்க’ என்றார் வாத்தியார். ஆறு பிள்ளைகள் எழுந்தார்கள், மற்ற முப்பது பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். அடி இல்லை, வசவு இல்லை. மறுநாள் பக்கத்துப் பிள்ளை இவள் பாட்டிலில் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்றது. பள்ளிக்கூடத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பெயரைப் போட்டு வாசித்துக்கொள்ளுங்கள்.

சென்னைத் தோழர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “எதுக்குத் தோழர் இந்தச் சித்திரவதை? எடுத்துருங்க. நீங்க எம்.ஏ. தமிழ். வீட்லயே சொல்லிக்குடுங்க. எம் பையன் பள்ளிக்கூடமே போகல. செடிகொடி, நட்சத்திரம்னு அவனா படிக்கான். பரீட்சைய திறந்தநிலைப் பள்ளியில எழுதிக்கிடலாம்” என்றார். நல்ல மனசுக்காரர்தான். ஆனால் அவருக்கு வீடு என்றால் புத்தக அலமாரியும் மொட்டை மாடியும். எங்களுக்கு வீடு என்றால் என்ன?

நான் வளர்ந்த வீட்டில் தீப்பெட்டி ஒட்டினோம். தொண்ணூறுகளில் கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் விடிவதற்கு முன்னால் ஆபீஸ் பஸ் வரும். தூக்கக் கலக்கத்தோடு பொட்டப்பிள்ளைகள் தூக்குச்சட்டியும் கையுமாக ஏறிப்போவார்கள். என் அக்கா நாலாம் வகுப்போடு அந்தப் பஸ்ஸில் ஏறினாள். நான் சின்னவள் என்பதால் வீட்டில் பசை தடவினேன். ஒரு குரோசுக்கு 144 பெட்டி. பன்னிரண்டாம் வாய்ப்பாடு எனக்கு அங்கேதான் வந்தது. இதையும் வீட்டுக்கல்வி என்று சொல்லுவார்களா?

சட்டம் கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னது. 1986 ஆம் வருஷத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டித் தொழிலில் பிள்ளைகளை வைக்கக்கூடாது என்றது. கூடவே, குடும்பத்தோடு சேர்ந்து செய்கிற பட்டறைக்கு இது பொருந்தாது என்று ஒரு வரியையும் சேர்த்துவைத்தது. அந்த ஒரு வரிக்குள்தான் எங்கள் தெருவே உட்கார்ந்து பெட்டி ஒட்டியது. 2016 திருத்தத்தில் ஆபத்தான தொழிலுக்கு அந்தச் சலுகை போனது. பள்ளி விட்ட பிறகும் லீவு நாளிலும் குடும்பத் தொழிலுக்குப் பிள்ளை கைகொடுக்கலாம் என்பது மட்டும் நின்றுகொண்டது.

இதற்கெல்லாம் பாட்டன் 1953 இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம். கிராமத்துப் பிள்ளைக்கு மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம், மிச்ச நேரம் வீட்டில் அப்பன் தொழில். அக்கிரகாரத்து அப்பனின் தொழிலும் செருப்புத் தைக்கிற அப்பனின் தொழிலும் ஒன்றா? குலக்கல்வி என்று பெயர் வைத்துப் பெரியாரும் திராவிட இயக்கமும் அதை எதிர்த்தார்கள். 1954 இல் ராஜாஜி போனார், காமராசர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். ‘வீட்டில் கற்றுக்கொள்’ என்கிற வார்த்தை எங்கள் காதில் எப்படி விழும் என்று தோழருக்கு இப்போதாவது புரிய வேண்டும்.

வீட்டில் சொல்லிக்கொடுத்துப் பார்க்காமலும் நான் பேசவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடினார்கள். சின்ன வகுப்புகளை 2021 நவம்பர் 1 இல்தான் திறந்தார்கள். அதுவரை எங்கள் காலனி வேப்பமரத்தடியில் பதினேழு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினேன். தண்ணீர்த் தொட்டிச் சுவர்தான் கரும்பலகை. வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பன் சட்டைப்பையில். காலையிலேயே வேன் வந்து தாய்மாரை அள்ளிக்கொண்டு போய்விடும். பத்து வயசுப் பிள்ளை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து உட்காரும். தம்பி அழுதால் அன்றைக்குப் பாடம் முடிந்தது.

சந்தோஷம் இல்லாமலா? இருந்தது. ‘வெஞ்சனம்’ என்று பிள்ளை எழுதினால் கொச்சை என்று வெட்டுவதற்கு அங்கே ஆள் இல்லை. அம்பேத்கர் பள்ளியில் சாக்கு விரித்து உட்கார்ந்த கதையைச் சொன்னபோது, “அப்ப அவுக அப்பா ஏன் பள்ளிக்கூடத்த நிறுத்தல?” என்று ஒருத்தன் கேட்டான். இன்றைக்கு வரைக்கும் அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. மாசி மாதம் பருத்தி எடுப்புக்குப் போன தாயின் சீட்டை ஆறாம் வகுப்புப் பிள்ளை வாங்கிக் கூட்டினாள். மூணு நாளைக்கு 37 கிலோ, எழுதியிருந்தது 31. “கூட்டிப் பாருங்கண்ணாச்சி” என்று சம்சாரி முன்னால் போய் நின்றுவிட்டாள். ஆறு கிலோவுக்கான கூலி வந்து சேர்ந்தது.

ஆனால் பள்ளி திறந்தபோது பதினேழில் மூன்று பேர் திரும்பவில்லை. இரண்டு பையன்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருத்திக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. நான் தினமும் பாடம் நடத்திய தெருவிலேயேதான் இதுவும் நடந்தது. வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தால், ஏன் வரவில்லை என்று கேட்டு ஒருவராவது வீட்டுக்கு வந்திருப்பார். மரத்தடியில் பதிவேடு ஏது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாதியை எந்தப் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள்? 1956 இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த எட்டயபுரம் எங்களுக்குப் பக்கத்து ஊர். அந்த எட்டயபுரத்துக்குப் பக்கத்தில், உசிலம்பட்டி என்கிற ஊரின் தொடக்கப்பள்ளியில், 2023 செப்டம்பரில் ஒரு தலித் பெண் சமைத்த காலை உணவைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக்கூடாது என்று பெற்றோர் தடுத்தார்கள். அமைச்சரும் எம்.பி.யும் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. ஐந்து வயசுப் பிள்ளைக்கு அந்தச் சாப்பாட்டில் தீட்டு இருப்பதைச் சொல்லிக்கொடுத்தது வாத்தியாரா? வீடு. சாதி இந்துக்கள் காலங்காலமாக நடத்திவருகிற வீட்டுக்கல்வி அது. அதை உடைக்க ஒரே பந்தியும் ஒரே பெஞ்சும் உள்ள இடம் ஒன்று வேண்டும். எங்கள் பிள்ளையை நாங்களே எழுப்பிக் கூட்டிவந்துவிட்டால் அந்தப் பெஞ்சு யாருக்கு மிச்சம்?

“நாங்குநேரியை மறந்துட்டீங்களா?” என்றார் தோழர். மறப்பேனா? கூடப் படித்தவர்கள் கொடுத்த தொல்லையில் அந்த மாணவன் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தான். 2023 ஆகஸ்டில் வீடு தேடி வந்துதான் அவனையும் தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். வீட்டில் இருந்தது காப்பாற்றவில்லை. அடுத்த வருஷம் அவன் பிளஸ் டூவில் 600க்கு 469 வாங்கினான்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவரை நேராகவோ மறைமுகமாகவோ சாதி சுட்டி ஆசிரியர் அழைக்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. ‘ஸ்காலர்ஷிப் பிள்ளைக’ என்பது மறைமுகம் இல்லாமல் வேறென்ன? அந்தப் பக்கத்தை நகல் எடுத்து மனுவோடு சேர்த்துவைத்திருக்கிறேன். மற்ற ஐந்து பிள்ளைகளின் தாய்மாரில் நாலு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஐந்தாவது மதினிக்கு ஆபீஸில் இரண்டாம் ஷிப்ட். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வரச்சொல்லியிருக்கிறாள்.