முந்தினாலும் நட்டமே!

எதையும் முந்தி முடிப்பவரே கெட்டிக்காரர் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மக்காச்சோளம் அடிக்கும் மிஷினுக்கு அது பொருந்தாது.

பெரம்பலூர், அரியலூர் மானாவாரி நிலங்களில் புரட்டாசி மழையை நம்பி எல்லோரும் ஒரே சமயத்தில் விதைக்கிறார்கள். ஆகவே தை மாதத்தில் எல்லார் கதிரும் ஒன்றாகவே காய்கிறது. மிஷினோ ஒன்று! காயுமுன் அடித்தால் மணி உடையும்; ஈரமென்று வியாபாரி விலையைக் குறைப்பார். தாமதித்தாலோ எலியும், பருவம் தப்பிய மழையும் பங்கு கேட்கும்.

இதற்கொரு கணக்கு உண்டு. எல்லா வேலைக்கும் ஒரே கெடு என்றால், சிறியவை கெடுவை ஒட்டியும் பெரியவை ஓரங்களிலும் அமைய வேண்டும் என்று 1981இல் கானெட் என்ற அறிஞர் காட்டினார். நான்கு ஊர்களுக்கு 2, 3, 4, 6 நாள் வேலை என்று கொள்வோம். அதே வரிசையில் போனால், முந்தியும் பிந்தியும் விலகும் நாட்கள் மொத்தம் 17க்குக் குறையாது. 6, 4, 2, 3 என்று போய், இரண்டாவது ஊரைக் கெடுவன்று முடித்தால் 11 தான். (போட்டுப் பாருங்கள்!)

ஆனால் இக்கணக்கு முந்தும் நாளையும் பிந்தும் நாளையும் சமமாக மதிக்கிறது. இதை நான் ஏற்கவில்லை. ஈரமணியைக் களத்தில் காயவைக்கலாம். நனைந்து முளைத்த மணியை என்ன செய்வது? பிந்தும் நாளை இரண்டாக எண்ண வேண்டும். அப்போது அதே வரிசையில், மூன்றாவது ஊர் கெடுவன்று முடியுமாறு, மிஷின் இரண்டு நாள் முன்னதாகப் புறப்படும்.

இன்றோ முன்பணமும் செல்வாக்குமே வரிசையைத் தீர்மானிக்கின்றன. அறுவடைக்கு முன்பே நான்கு ஊர்ப் பெரியவர்களும் கூடி, வரிசையை எழுதி, ரேஷன் கடைச் சுவரில் ஒட்டட்டும். கணக்குப் போட பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாங்கள் போதும்.