பெயரும் ஓர் அமானிதமே



பல்லாண்டுகள் உழைத்து நற்பெயர் ஈட்டிய ஒருவரின் கடைக்கு அருகிலேயே, அதே பெயர்ப்பலகையுடன் இன்னொருவர் கடை திறந்தால் நாம் அதனை நியாயம் என்போமா? ஒரு நாடு தன் இணைய முகவரி விதிகளை மாற்றும்போது, இத்தகைய நிலை சட்டப்படியே உருவாகிவிடக்கூடும்.

ஆஸ்திரேலியாவில் வணிகர்கள் 'டாட் காம் டாட் ஏயு' என்றும், தொண்டு அமைப்புகள் 'டாட் ஆர்க் டாட் ஏயு' என்றும் முடியும் முகவரிகளையே பதிவு செய்து வந்தனர். 2022 மார்ச் 24 முதல், 'டாட் ஏயு' என்று மட்டும் முடியும் முகவரியையும் பெறலாம் என்றாயிற்று. சுருக்கமானது, நினைவில் நிற்பது என்றனர் ஆதரித்தோர். உள்ள பெயரைக் காப்பதற்கே இன்னொரு கட்டணமா என்றனர் எதிர்த்தோர். இரு தரப்பிலும் நியாயம் உண்டு.

எனது கவலை அவகாசத்தைப் பற்றியது. பழைய உரிமையாளர்களுக்குச் செப்டம்பர் 20 வரை, ஆறு மாதங்களே முன்னுரிமை அளிக்கப்பட்டது. அதன்பின், தகுதியுள்ள எவரும் அப்பெயரைப் பெறலாம். மோசடிக்காரர்கள் இதனைப் பயன்படுத்தக்கூடும் என அந்நாட்டு இணையப் பாதுகாப்பு மையமே எச்சரித்தது.

பிரிட்டன் 2014இல் இதே மாற்றத்தைச் செய்தபோது, 2019 ஜூன் 25 வரை ஐந்தாண்டுகள் பெயர்களை ஒதுக்கி வைத்தது. ஆனால் ஒரே பெயரை வணிகரும் தொண்டு அமைப்பும் வைத்திருந்தால், அங்கு வணிகருக்கே முதலிடம். ஆஸ்திரேலியாவிலோ, நீண்டகால உரிமையாளர் இருவர் போட்டியிட்டால், அவர்கள் உடன்படும்வரை பெயர் எவருக்கும் வழங்கப்படாது. பிரிட்டனின் பொறுமையும் ஆஸ்திரேலியாவின் சமநீதியும் ஒருங்கே அமைவதே சிறந்த விதி என்பது என் கருத்து.

நீண்ட அவகாசம் சோம்பலையே வளர்க்கும் என்பர் சிலர். ஆயினும் கணினி அறியாத முதியவர் நடத்தும் சிறு அமைப்புக்குச் செய்தி சென்று சேரவே காலம் பிடிக்குமன்றோ?

நமக்கும் இதில் பாடமுண்டு. உங்கள் பள்ளிவாசல், மதரஸா, அறக்கட்டளையின் இணைய முகவரி யார் பெயரில் பதிவாகியுள்ளது? பதிவில் உள்ள மின்னஞ்சலை இன்றும் எவரேனும் பார்க்கிறார்களா? அறிவிப்புகள் அங்குதான் வரும். மக்கள் நம்பி நன்கொடை அனுப்பும் பெயர் நம்மிடம் உள்ள அமானிதம். அதனைக் காப்பது நம் கடமை.