மாதம் நான்கு கதைகள் என்னும் மாயை

ஆண்டுதோறும் மார்கழி பிறந்ததும் நம் இளம் எழுத்தாளர்களிடையே ஒரு காய்ச்சல் பரவுகிறது. நாளொன்றுக்கு இரண்டாயிரம் சொற்கள், மாதத்துக்கு நான்கு சிறுகதைகள், சித்திரைக்குள் நாவலின் முதல் வடிவம், அடுத்த சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கு மூன்று நூல்கள் என்று திட்டங்கள் அறிவிக்கப்படுகின்றன. பொங்கல் கழிந்து மாசி பிறப்பதற்குள் திட்டம் உதிர்ந்துவிடுகிறது. திட்டம் உதிர்வதில் எனக்கு வருத்தமில்லை. அது உதிரத்தான் வேண்டும். ஆனால் திட்டத்தோடு சேர்ந்து எழுத்தும் நின்றுவிடுகிறதே, அதுதான் என்னை இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. ‘எனக்கு எழுத்து வராது போலிருக்கிறது சார்’ என்று சொல்லிக்கொண்டு பங்குனி மாதத்தில் வந்து நிற்கிற மாணவர்களை, இருபதாண்டு ஆசிரிய வாழ்வில் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. அவர்களுக்கு எழுத்து வராமலில்லை. கணக்குதான் வரவில்லை.

இந்தக் காய்ச்சலுக்கு எதிர்த்தரப்பாகத் தங்களைக் கருதிக்கொள்கிறவர்கள் இன்னொரு வகை. ‘எழுத்தைத் திட்டமிட முடியாது, அது தானாக நிகழவேண்டும், இலக்கு வைத்து எழுத நான் என்ன குமாஸ்தாவா’ என்பது இவர்களின் நிரந்தர வாக்குமூலம். சிற்றிதழ் மரபின் பெயரால் இதைச் சொல்வதில் இவர்களுக்கு ஒரு பெருமிதம் வேறு. நான் இரண்டு தரப்பையும் எதிர்க்கிறேன் என்றாலும் சமமாக எதிர்க்கவில்லை. முதல் தரப்பினர் அப்பாவிகள். இரண்டாம் தரப்பினர் சோம்பலுக்குத் தத்துவ முலாம் பூசுகிறவர்கள்.

நான் வசிக்கும் பம்மல் என்ற ஊரின் பெயரை வெளியூர்க்காரர்கள் அறிந்திருப்பது ஒரே ஒரு மனிதரால்தான். பம்மல் சம்பந்த முதலியார் பிறந்ததும் வாழ்ந்ததும் சென்னை நகரத்தில். பம்மல் அவருடைய குடும்பத்தின் பூர்வீக ஊர். 1873இல் பிறந்து 1964இல் மறைந்தவர். தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதியவர். இந்த எண்ணிக்கையைக் கேட்டதும் நம்மவர் வாய் பிளப்பார்கள், உடனே தங்கள் திட்டத்தில் இன்னும் இரண்டு நூல்களைச் சேர்த்துக்கொள்வார்கள். சற்று நிதானமாக வகுத்துப் பார்ப்போம். 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியதிலிருந்து மறைவு வரை எழுபத்து மூன்று ஆண்டுகள். ஆண்டுக்கு ஒன்றேகால் நாடகம், அதாவது ஏறக்குறைய பத்து மாதத்துக்கு ஒன்று. முதுமையின் பத்து இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டாலும் ஆண்டுக்கு இரண்டைத் தொடவில்லை. அந்த வேகத்தில்தான் தமிழ் நாடகத்தில் ஒரு யுகம் கட்டப்பட்டிருக்கிறது.

அவர் முழுநேர எழுத்தாளரும் அல்லர். வக்கீல் தொழில் செய்தார், பின்னர் ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதியாகவும் இருந்தார். சபையில் அவரோடு நடித்தவர்களும் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களுமே. பகலில் கட்சிக்காரர், மாலையில் ஒத்திகை என்ற வாழ்க்கை அது. அத்தகைய ஒருவரால் ‘மனோகரா’வும் ஷேக்ஸ்பியரின் தழுவல்களான ‘அமலாதித்யன்’, ‘வாணீபுர வணிகன்’ போன்றவையும் எப்படி எழுதப்பட்டன? அவருடைய ‘நாடக மேடை நினைவுக’ளை வாசிக்கிறவர்களுக்கு விடை விளங்கும். அவர் எழுதியது ஓர் எண்ணிக்கைக்காக அன்று. சபைக்கு நாடகம் தேவைப்பட்டது. இன்ன நடிகர் இருக்கிறார், ரங்கவடிவேலு பெண் வேடம் ஏற்பார், இவருக்கு இந்தப் பாத்திரம் பொருந்தும் என்ற கண்ணெதிரான தேவை. காத்திருக்கிற மனிதர்களுக்கான கடன் அது. நம் நண்பர்களின் மாத இலக்குகளில் இந்தக் காத்திருக்கிற மனிதர் என்பவரே இல்லை. யாருக்காக மாதம் நான்கு கதைகள்? யார் கேட்டார்கள்?

ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிரொலோப்பை இங்கே இழுக்காமல் இருக்க முடியாது. தபால் துறையில் உயர் பதவி வகித்துக்கொண்டே நாற்பதுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். அதிகாலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்து, கால்மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று எழுதினார். தன்னை எழுப்பிக் காபி கொடுக்கும் பணியாளுக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்ததையும் பதிவு செய்திருக்கிறார் (நம் இலக்கிய வரலாறுகளில் அந்தப் பணியாளுக்கு நிகரான மனைவிமார்களுக்கு அந்த ஐந்து பவுண்டுகூடக் கிடைத்ததில்லை என்பதைப் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறேன்). மறைவுக்குப் பின் 1883இல் அவருடைய சுயசரிதை வெளிவந்து இந்த இரகசியம் அம்பலமானபோது விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். கலைஞன் கடிகாரம் பார்த்து எழுதலாமா என்பதே அவர்களுடைய அதிர்ச்சியும். ஆனால் நம்மவர் டிரொலோப்பிடமிருந்து எடுத்துக்கொள்வது 250 என்ற எண்ணை மட்டுமே. அவர் முதலில் தன்னிடம் இருந்த நேரத்தை அளந்தார். வேலைக்குக் கிளம்புவதற்கு முன் மூன்று மணி நேரம் உண்டு என்பதை உறுதிசெய்துகொண்டார். அதன் பிறகுதான் சொற்களை எண்ணினார். நாம் சொற்களிலிருந்து தொடங்கி, நேரத்தைக் கடன் வாங்கலாம் என்று நினைக்கிறோம்.

சொற்களை எண்ணுவதிலும் ஒரு கோளாறு இருக்கிறது. அமெரிக்காவில் 1999இல் தொடங்கிய ஓர் இயக்கம், நவம்பர் மாதத்தின் முப்பது நாட்களில் 50,000 சொற்கள் கொண்ட நாவலை எழுதி முடிக்கச் சொன்னது. நாளொன்றுக்கு 1,667 சொற்கள். அதை நடத்திவந்த அமைப்பே மூடப்படுவதாக 2025இல் அறிவிப்பு வந்துவிட்டது. அந்த எண் மட்டும் நம்மூர்ப் பயிற்சிப் பட்டறைகளில் இன்னும் புழங்குகிறது. தமிழ் ஒட்டுநிலை மொழி என்பதை முதுகலை வகுப்பில் பாடமாகவே நடத்துகிறோம். ‘எழுதிக்கொண்டிருந்தவர்களுக்காக’ என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதற்கு ஐந்தாறு சொற்கள் செலவாகும். வேற்றுமை உருபும் துணைவினையும் பாலும் எண்ணும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும் மொழியில், ஆங்கிலச் சொற்கணக்கை அப்படியே இறக்குமதி செய்பவர் தம்மை அறியாமல் இலக்கைக் கணிசமாக உயர்த்திக்கொள்கிறார். போதாக்குறைக்கு நவம்பர் நமக்கு ஐப்பசி கார்த்திகை. 2015ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அடையாறு பெருகி அனகாபுத்தூர், முடிச்சூர்ப் பக்கத்து வீடுகளுக்குள் நுழைந்ததைப் பார்த்தவர்கள், நவம்பரில் நாவல் எழுதச் சொல்லும் அறிவுரையை என்ன மனநிலையில் கேட்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மாதங்கள் சமமானவை அல்ல என்ற எளிய உண்மையை எந்தத் திட்டமும் கணக்கில் கொள்வதில்லை என்பதே என் முதன்மையான குற்றச்சாட்டு. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தங்கள் வரிசை கட்டி நிற்கும். தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை வரை உள்ள எந்த மண்டபத்தில் எந்த உறவினர் வீட்டுத் திருமணம் என்று தெரியாமல் ஞாயிற்றுக்கிழமைகள் கரையும். ஆசிரியனுக்கு ஏப்ரலும் நவம்பரும் விடைத்தாள் மாதங்கள். கணக்கெழுதுகிற நண்பருக்கு மார்ச் இறுதி என்றால் உயிர் போகும். தோல் பதனிடும் தொழிலில் வேலை பார்த்துக்கொண்டு கவிதை எழுதுகிற ஒருவருக்கு ‘ஷிஃப்ட்’ மாறும்போது மாதமே மாறிவிடும். ஆனால் ஆடி? ஆடியில் திருமணமில்லை, கிரகப்பிரவேசமில்லை. மார்கழியும் அவ்வாறே. நம் முன்னோர் எந்தக் காரணத்துக்காக விலக்கி வைத்தார்களோ, எழுதுகிறவனுக்கு அவை வரமாக வந்த மாதங்கள். அந்த மார்கழியைத்தான் நாம் கண்காட்சி வெளியீட்டு அவசரத்துக்கும், மெய்ப்புப் பார்க்காத நூல்களுக்கும், நள்ளிரவு அட்டைப்பட விவாதங்களுக்கும் தாரை வார்த்துவிடுகிறோம்.

உண்மையான கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். பல்லாவரத்தில் மின்ரயில் பிடித்து நகருக்குள் வேலைக்குப் போய்வரும் ஒருவர், வாரத்தில் மூன்று நாட்கள், நாளுக்கு ஒரு மணி நேரம் எழுதுகிறார் என்று கொள்வோம். இதுவே நம் வாழ்க்கையில் பெரிய சாதனை. மாதத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம். யோசித்து எழுதுகிறவருக்கு மணிக்கு இருநூறு சொற்கள் தேறினால் நல்லது. பாதி நேரம் திருத்தி எழுதுவதற்குப் போய்விடும், போகவேண்டும். மிஞ்சுவது 1,200 சொற்கள். ஒரு நடுத்தரச் சிறுகதைக்கு இரண்டு மாதம். ஆண்டுக்கு ஆறு கதைகள், இரண்டாண்டில் ஒரு தொகுப்பு. இது தோல்வியின் கணக்கா? மௌனி தம் வாழ்நாளில் எழுதியவை இருபத்து நான்கு கதைகளே. நம் பல்லாவரத்து நண்பர் நான்கு ஆண்டுகளில் அந்த எண்ணிக்கையைத் தொட்டுவிடுவார் (எண்ணிக்கையை மட்டும்தான் சொல்கிறேன்). ‘நாளுக்கு இரண்டாயிரம்’ என்பது இதே வேகத்தில் பத்து மணி நேர உழைப்பு. அதைச் செய்யக் கூடியவர் வேலையை விட்டவராகவோ குடும்பத்தை விட்டவராகவோ இருக்கவேண்டும்.

வருமானத்தை மாத இலக்கில் சேர்க்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபத்தைவிடப் பரிதாபமே மிகுகிறது. 250 ரூபாய் விலையுள்ள நூல் முந்நூறு பிரதி விற்று, நூற்றுக்குப் பத்து வீதம் உரிமைத்தொகை ஒழுங்காகக் கைக்கு வந்தால் 7,500 ரூபாய். இரண்டாண்டு உழைப்பின் பலன் என்றால் மாதத்துக்கு 312 ரூபாய் 50 காசு. இதை அறிந்துகொண்டு எழுத வந்தவருக்கு ஏமாற்றமில்லை. வாசகர் எண்ணிக்கையும் அப்படித்தான். எத்தனை பேர் வாசிக்கவேண்டும் என்பது நம் கையில் இல்லாத ஒன்று. நம் கையில் இல்லாததை இலக்காக வைப்பவர் ஜாதகம் பார்க்கிறார், திட்டமிடவில்லை.

இந்த இடத்தில் சி.சு.செல்லப்பாவை நினைவூட்டுவது என் கடமை. 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். மாத இதழ் என்பதே அவர் தமக்கு விதித்துக்கொண்ட இலக்கு. நூல்களைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்ற மனிதர் அவர்; வளம் எதுவும் கிடையாது. மாதந்தோறும் கொண்டுவர இயலாத நிலை வந்தபோது என்ன செய்தார்? பக்கங்களை நிரப்பக் கிடைத்ததைப் போடவில்லை. இதழைக் காலாண்டிதழாக்கினார். 1970 வரை மொத்தம் 119 இதழ்கள். கால அளவை நீட்டினாரே தவிரத் தரத்தைக் குறைக்கவில்லை. மாத இலக்கு தவறினால் எழுத்தையே கைவிடுகிற நம் நண்பர்கள் கற்கவேண்டிய பாடம் இந்தக் காலாண்டிதழில் இருக்கிறது. அவருடைய ‘சுதந்திர தாகம்’ மூன்று பாகங்களாக வெளிவந்தபோது அவருக்கு வயது எண்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

‘ஜெயமோகன் நாள்தோறும் எழுதவில்லையா’ என்ற எதிர்க்கேள்வி எந்தக் கூட்டத்திலும் தவறாமல் வரும். எழுதினார். 2014 ஜனவரியில் தொடங்கி 2020 ஜூலை வரை ‘வெண்முரசு’ இருபத்தாறு நாவல்களாக நாள்தோறும் வெளிவந்தது. ஆனால் அதைத் தொடங்கும்போது அவர் கால் நூற்றாண்டுக்கு மேலாக எழுதிப் பழகியவர். ‘விஷ்ணுபுரம்’, ‘கொற்றவை’ எல்லாம் பின்னால் இருந்தன. மலையேறுகிறவரின் பதினைந்தாவது சிகரத்தை முதல் நடைப்பயிற்சிக்கு அளவுகோலாக வைப்பது என்ன நியாயம்? கல்கி வாரந்தோறும் ‘பொன்னியின் செல்வ’னை மூன்றரை ஆண்டுகள் எழுதினார் என்றால், அவருக்கென்று ஒரு பத்திரிகையும் அதை எதிர்பார்த்த வாசகர் கூட்டமும் இருந்தன. மீண்டும் அதே காத்திருக்கிற மனிதர்.

‘நிகழும்போது நிகழும்’ தரப்பினர் புதுமைப்பித்தனைக் கேடயமாகத் தூக்கிவருவார்கள். வெறி பிடித்தாற்போல் எழுதியவர், திட்டமா போட்டார் என்பார்கள். 1948இல், நாற்பத்திரண்டு வயதில், காசநோயில் மறைந்தவர் அவர். பத்திரிகை அலுவலகத்தில் நாள்தோறும் மொழிபெயர்த்து, செய்தி எழுதி, சம்பளத்துக்கு உழைத்தவர். அந்த அன்றாட உழைப்பை மறைத்துவிட்டு வெறியை மட்டும் வழிபடுவது அவருக்குச் செய்யும் மரியாதை அன்று. சுந்தர ராமசாமியின் நாவல்களுக்கிடையே உள்ள இடைவெளியையும் (1966, 1981, 1998) இவர்கள் சாட்சிக்கு அழைப்பார்கள். அந்த இடைவெளிகளில் அவர் கதையும் கவிதையும் கட்டுரையும் எழுதிக்கொண்டிருந்தார், காலச்சுவடைத் தொடங்கினார். நாற்காலியில் அமராமல் பதினைந்தாண்டு காத்திருந்தவருக்கு நாவல் தானாக நிகழ்ந்த வரலாறு தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை.

பம்மலை அடுத்த அனகாபுத்தூர் நெசவாளர் ஊர். இன்று அங்கே தறிகள் குறைந்துவிட்டன. வாழைநார் போன்ற இயற்கை இழைகளில் நெய்பவர்கள் சிலர் எஞ்சியிருக்கிறார்கள். நெசவாளரிடம் போய் இந்த மாதம் எத்தனை சேலை என்று கேட்டால் உடனே எண் சொல்லமாட்டார். பாவு எத்தனை நீளம், வேலைப்பாடு உண்டா, மழை நாளா என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் சொல்வார். என்னிடம் இலக்கு கேட்டு வருகிற மாணவர்களிடம் நானும் இப்போது எண் சொல்வதில்லை. போன மாதத்தில் எந்தெந்தக் கிழமை, எத்தனை மணி நேரம் மேசையில் அமர்ந்தாய் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வா என்கிறேன். பாதிப் பேர் அந்தத் தாளோடு திரும்பி வருவதே இல்லை. வருகிறவர்களின் தாளில் பெரும்பாலும் ஏழு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று இருக்கும். அடுத்த மாதத்துக்கு அதனோடு ஒரு மணி நேரத்தைக் கூட்டி எழுதித் திருப்பிக் கொடுக்கிறேன்.