கடற்கரையில் நாய்க்கும் ஒரு நேரம் வேண்டும்

மோரிப்பிலிருந்து தஞ்சோங் செப்பாட் வரை நீளும் கரையில் ஏதாவது ஒரு பகுதியைக் குறித்து, அங்கே விடிந்தது முதல் காலை 9 மணி வரை நாயைக் கயிற்றில் பிடித்து நடக்கலாம் என்று கோல லங்காட் நகராண்மைக் கழகம் அறிவிக்க வேண்டும். முழுக் கரையையும் நான் கேட்கவில்லை. நேரமும் எல்லையும் எழுதிய ஒரு பலகை, கழிவைப் போட ஒரு தொட்டி, நல்ல தண்ணீர் வரும் ஒரு குழாய், இவ்வளவுதான். மனிதனுக்கே ஆயிரம் குறை இருக்கையில் நாய்க்குக் கடற்கரை கேட்கிறானே என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்து மேலே படியுங்கள்.

எங்கள் ராணி பிரிக்பீல்ட்சில் பிறந்தவள். வாழை இலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் பின்சந்தில் கிடந்த குட்டியை என் மகள் எடுத்து வந்து வளர்த்தாள். அவள் வாடகைக்கு இருந்த அடுக்குமாடியில் நாய் கூடாது என்று நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. கொமுட்டர் ரயிலில் நாயை ஏற்ற முடியாது. தெரிந்தவர் ஒருவரின் வேனில் ராணி கிள்ளானுக்கு வந்து சேர்ந்தாள். துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். இப்போது எனக்கும் அவளுக்கும் விடியற்காலை நடை இல்லாமல் பொழுது தொடங்காது. கோலாலம்பூரில் நாயோடு நிம்மதியாக நடக்கலாம் என்று எல்லாரும் சொல்லும் இடம் தேசா பார்க்சிட்டி பூங்கா. அது ஒரு வீடமைப்பு நிறுவனம் அமைத்தது. பொதுப் பூங்காக்களின் வாசலில் பெரும்பாலும் நாய்ப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டிருக்கும்.

ஆகையால் நாங்கள் கடலைத் தேடிப் போகிறோம். இருட்டோடு கிளம்பி தெலோக் பங்லிமா காராங், பந்திங் தாண்டி, ஜுக்ரா மலை வலப்பக்கம் மங்கலாகத் தெரியும்போது கிழக்கே வெளுக்கத் தொடங்கும். கரடுமுரடான கரை என்றால் நம் ஆட்கள் போர்ட்டிக்சன் பக்கத்துத் தஞ்சோங் துவான் பாறைகளைத்தான் சொல்வார்கள். சிலாங்கூர் கரை சேற்றுக் கரை. 1945 செப்டம்பர் 9-ஆம் தேதி பிரிட்டிஷ் இந்தியப் படை மோரிப்பில் இறங்கியபோது பல வண்டிகள் இந்தச் சேற்றில்தான் சிக்கிக்கொண்டன. இங்கே கிடக்கிற பாறைகளில் பெரும்பகுதி, அலை மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் இருக்க வடிகால் நீர்ப்பாசன இலாகா லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிய கருங்கல். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்தப் பக்கத்தில் கடல் நான்கு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். தண்ணீர் ஏறி நிற்கும்போது கல்லுக்கும் அலைக்கும் நடுவே கால் வைக்க இடமிருக்காது. இறங்கிவிட்டால் கண்ணுக்கெட்டிய மட்டும் சாம்பல் நிறச் சேறு.

பத்து லாவுட் பக்கம் அந்தக் கற்களின் மேல் ராணி நடப்பதை மணிக்கணக்கில் பார்க்கலாம். முன்னங்காலை ஒரு கல்லில் வைத்து, அது ஆடுகிறதா என்று பார்த்து, பிறகுதான் உடம்பின் பாரத்தை அதன்மேல் இறக்குவாள். கல்லிடுக்கில் பெலாச்சாக் மீன் ஒன்று சேற்றில் துள்ளினால் காது இரண்டும் முன்னால் வந்துவிடும், வால் அசையாமல் நிற்கும். கற்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிப்பியோடுகள் சவரக் கத்தி மாதிரி கூர்மையானவை. திரும்பும் முன் அவளை உட்கார வைத்து, ஒவ்வொரு பாதத்தையும் திருப்பி, விரல்களுக்கு நடுவே விரலை விட்டுப் பார்ப்பேன். சிலசமயம் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று இருக்கும். வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீரால் உப்பும் சேறும் போகக் கழுவி, துணியால் ஒற்றி எடுப்பேன். கடல் தண்ணீரை நக்கவிடக் கூடாது, வயிற்றால் போகும். ஒன்பதரைக்கு மேல் கல் சுடத் தொடங்கிவிடும். அதற்குமேல் நாயை அங்கே வைத்திருப்பது கொடுமை. நான் கேட்கும் நேரம் இதைப் பார்த்துச் சொன்னதுதான்.

கரையில் நாங்கள் மட்டும் இல்லை. தூண்டில் போடும் தமிழ்ப் பையன்கள் "அங்கிள், கடிக்குமா?" என்பார்கள். நாசி லெமாக் விற்கும் மலாய் அம்மாவின் மேசையிலிருந்து எட்ட, காற்று அவர்கள் பக்கமிருந்து எங்கள் பக்கம் அடிக்கும்படி நின்றுகொண்டு, ராணியைக் கம்பத்தில் கட்டிவிட்டுப் போய்த்தான் பொட்டலம் வாங்குவேன். நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும் என்பது அவர்களுடைய மார்க்க நெறி. வேலைக்குக் கிளம்பி வந்தவருக்கு அந்தச் சிரமத்தை நான் கொடுக்கக் கூடாது. அதே அம்மா ஒருநாள், வெயில் ஏறுகிறதே, உன் நாய்க்குத் தண்ணீர் வைத்தாயா என்று கேட்டார். தொடாமல் இருப்பது வேறு, வெறுப்பது வேறு. 2014 அக்டோபரில் பெட்டாலிங் ஜெயாவில் நாயைத் தொட்டுப் பார்க்க ஒரு நிகழ்ச்சி நடந்து நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. யாரையும் தொடச் சொல்ல வேண்டியதில்லை என்பது என் கருத்து. இடமும் நேரமும் தெளிவாக இருந்தால், விலகிப் போக நினைப்பவர் கௌரவமாக விலகிப் போகலாம்.

நாய்களுக்கு முன்கூட்டியே முறையான ஏற்பாடு செய்யாவிட்டால் என்ன ஆகிறது என்பதை இதே கடலில் பார்த்திருக்கிறோம். 2009-இல் கிள்ளான் துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் கேத்தாம் தீவில் தெருநாய் பெருகிவிட்டது என்று சொல்லி, 300-க்கும் மேற்பட்ட நாய்களைப் பிடித்துப் படகில் ஏற்றி, ஆளில்லாத சதுப்புநிலத் தீவுகளில் விட்டுவிட்டு வந்தார்கள். அங்கே சோறும் இல்லை, குடிக்க நல்ல தண்ணீரும் இல்லை. பசியில் ஒன்றையொன்று தின்னும் அளவுக்குப் போயின என்று செய்தி வந்தது. சிலாங்கூர் எஸ்பிசிஏ அமைப்பும் தன்னார்வலர்களும் படகெடுத்துப் போய்த் தேடினார்கள். ஆளைக் கண்டதும் சில ஓடிவந்தன, சில பயந்து கண்டல் வேர்களுக்குள் மறைந்தன. நான் அப்போது துறைமுகத்தில் வேலையில் இருந்தேன். படகுக்காரர்கள் அதைப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அந்தத் தீவுவாசிகள் கொடியவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கருத்தடை, உரிமம், பராமரிப்பு எதுவும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டு, கடைசியில் கடல் பார்த்துக்கொள்ளும் என்று கைகழுவியது ஒரு ஊர் மட்டுமில்லை. இன்றும் மீன்பிடி ஜெட்டிகளில், வரப்புச் சாலைகளில் காரை நிறுத்திக் குட்டிகளை இறக்கிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி விலங்கைக் கொடுமைப்படுத்தினால் இருபதாயிரம் முதல் ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

நம் சமூகத்துக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று உண்டு. என் அப்பா பால் மரம் வெட்டியவர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்குப் போனால் நாய் முன்னால் ஓடும். பாம்பு கிடந்தால் அதுதான் முதலில் நின்று குரைக்கும். தோட்டத்து லயத்தில் நாய் இல்லாத வீடு அபூர்வம். பிறகு தோட்டங்களை மூடினார்கள், விற்றார்கள். புத்ராஜெயா எழுந்ததே பிராங் புசார் தோட்டத்தின் மேல்தான். அதையும் அதைச் சுற்றியிருந்த தோட்டங்களையும் சேர்ந்த குடும்பங்கள் டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் போயின. எங்கள் தோட்டத்திலும் அடுக்குமாடிச் சாவியைக் கொடுத்தபோது, ஆடு, கோழியை விற்றோம். நாயை வாங்க ஆளில்லை. லாரி கிளம்பும்போது பின்னாலேயே ஓடிவந்த நாய்கள் எத்தனை என்று நாங்கள் யாரும் எண்ணவில்லை. இன்று தெருநாய்த் தொல்லை என்று புகார் எழுதும்போது, அவற்றில் பல நாம் விட்டுவிட்டு வந்த வீட்டு நாய்களின் வழிவந்தவை என்பதையும் நினைக்க வேண்டும்.

நாயைப் பொதுவெளியில் கண்ணில் படாமல் ஒதுக்குவதன் விளைவுக்கு, ராணி பிறந்த பிரிக்பீல்ட்சையே எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது, நடைபாதையில் மஞ்சள் வழிகாட்டிக் கற்கள் பதித்திருக்கிறார்கள். ஆனால் பார்வையிழந்தவரான ஸ்டீவன்ஸ் சான் 2014-இல் லஷான் என்ற வழிகாட்டி நாயோடு நகரில் நடமாட முயன்றபோது பல இடங்களில் அவரை உள்ளே விடவில்லை. பழகிய நாய் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பொதுவெளியில் யாரும் பார்த்திராத ஊரில் அப்படித்தான் நடக்கும்.

எதிர்ப்பக்கத்து நியாயங்களில் இரண்டை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். ஒன்று பறவைகள். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை சைபீரியா பக்கமிருந்து வரும் கரைப்பறவைகள் இந்தச் சேற்றில்தான் இரை தேடுகின்றன. தண்ணீர் ஏறும்போது கப்பார் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளங்களில் ஆயிரக்கணக்கில் ஒதுங்கியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நாய் ஒருமுறை பாய்ந்து துரத்தினால் கூட்டமே எழுந்து பறக்கும், நெடும்பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பு அதில் வீணாகும். எனவே நாய் வரப்பிலும் கல்லிலும்தான் நடக்க வேண்டும், சேற்றில் இறங்கக் கூடாது. மற்றொன்று ரேபிஸ் பயம். 2012-இல் ரேபிஸ் இல்லாத நாடு என்று பெயர் வாங்கினோம். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் நோய் திரும்பியது. சரவாக்கில் 2017 முதல் மனித உயிர்கள் போயிருக்கின்றன. ஆகவே உரிமப் பட்டையும் தடுப்பூசிச் சான்றும் இல்லாத நாய்க்கு அந்தப் பகுதியில் இடம் கொடுக்க வேண்டாம். கழிவை அள்ளாதவருக்குத் தண்டம் போடுங்கள், நான் எதிர்க்க மாட்டேன்.

நேரம் பிரித்துக்கொள்வது புதிதல்ல. இங்கிலாந்தின் கார்ன்வாலில் பல கடற்கரைகளில் கோடையின் நெரிசல் நாட்களில் காலை 10 முதல் மாலை 6 வரை நாய்க்குத் தடை, மற்ற நேரத்தில் வரலாம். சிங்கப்பூரில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கயிற்றோடு நாயை நடத்திப் போகிறார்கள். அங்கும் பல மதத்தார்தான் வாழ்கிறார்கள்.

மன்றக் கூட்டம், ஒப்பந்தம் என்று பலகைக்கும் தொட்டிக்கும் மாதங்கள் ஆகலாம். குழாயை மட்டும் முன்னதாகவே போடலாம். கெராங் சிப்பி பொறுக்கிவிட்டு முழங்கால் வரை சேற்றோடு கரையேறும் பெண்கள், அருகிலிருக்கும் கடையில் கெஞ்சித்தான் இப்போது கால் கழுவுகிறார்கள். எந்த இடத்தில் போடலாம் என்று நகராண்மைக் கழகத்திலிருந்து யாராவது பார்க்க வந்தால், நான் உடன் வந்து காட்டத் தயார்.