ஒரு டாலர் மருந்துக்கு யார் பணம் போடுவது?

ஒடிசாவின் கிராமங்களில் பிறந்த 4,556 குழந்தைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2017 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. பிறந்து சில நாள்களே ஆன குழந்தைகளில் பாதிப் பேருக்கு லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்ற பாக்டீரியாவும் அதற்கு இரையாகும் ஒருவகைச் சர்க்கரையும் ஏழு நாள் வாய்வழியே புகட்டப்பட்டன. மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்றுப் பொடி. இரண்டு மாதக் கண்காணிப்பில், வெற்றுப் பொடி பெற்ற குழந்தைகளில் 9 சதவீதத்தினருக்கு செப்சிஸ் என்னும் கொடிய தொற்றோ மரணமோ நேர்ந்தது. பாக்டீரியா பெற்றவர்களிடம் அது 5.4 சதவீதம். நுரையீரல் தொற்றுகளும் குறைந்திருந்தன. பலன் இத்தனை பளிச்சென்று தெரிந்த பிறகு பாதிக் குழந்தைகளுக்கு வெற்றுப் பொடி கொடுப்பது நியாயமில்லை என்று, திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டும் முன்பே ஆய்வை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு குழந்தைக்கு ஆகும் மொத்த மருந்துச் செலவு சுமார் ஒரு டாலர்.

அந்த மலிவுதான் சிக்கலும். ஆய்வை வழிநடத்திய குழந்தை மருத்துவர் பினாகி பாணிகிரஹி, 280க்கும் மேற்பட்ட பாக்டீரியா வகைகளைச் சலித்துப் பார்த்து இந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். பல ஆண்டு உழைப்பு. பிறகு 149 கிராமங்களில் வீடு வீடாகக் கண்காணிப்பு. இவ்வளவும் செய்து கடைசியில் ஒரு டாலருக்கு, அதுவும் ஏழை வீட்டுக் குழந்தைக்கு, வாழ்நாளில் ஒரே ஒரு வாரம் மட்டும் விற்கப்போகும் பொருளில் முதலீட்டாளர் யார் பணம் போடுவார்? போட்டது அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள். அதாவது, வரி கட்டும் மக்கள்.

குடல் நுண்ணுயிர் என்றாலே சந்தைக்கு இன்று கொண்டாட்டம். புரோபயாட்டிக் பானம், மாத்திரை, வீட்டிலிருந்தே மல மாதிரி அனுப்பினால் ‘உங்கள் குடலின் மதிப்பெண்’ சொல்லும் பரிசோதனை என்று கடை நிறைந்திருக்கிறது. ஆனால் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2018இல் வெளியிட்ட இரு ஆய்வுகள் வேறு கதை சொல்லின. கடையில் விற்கும் புரோபயாட்டிக் சிலரின் குடலில் ஒட்டுகிறது, சிலரிடம் வந்த வழியே வெளியேறிவிடுகிறது. ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட பிறகு புரோபயாட்டிக் எடுத்தவர்களிடம், குடலின் சொந்த நுண்ணுயிர்கள் மீண்டு வரத் தாமதமே ஆனது. உண்மையில் பலன் தருகிறதா என்ற கேள்வியைத் தன் பொருளிடம் கேட்க விற்பனையாளருக்கு என்ன அவசரம்?

ஒடிசாவின் வெற்றியைக் காட்டி எல்லாக் குழந்தைக்கும் எல்லா பாக்டீரியாவும் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. அங்கே சேர்க்கப்பட்டவை ஓரளவு நிறைமாதக் குழந்தைகள். 35 வாரமும் இரண்டு கிலோ எடையும் தாண்டியவை. 2023இல் அமெரிக்காவில், புரோபயாட்டிக் கொடுக்கப்பட்ட ஒரு குறைமாதக் குழந்தை அந்தப் பொருளில் இருந்த பாக்டீரியாவின் தொற்றால் இறந்தது. அந்நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருத்துவமனைகளை எச்சரித்தது. எந்த வகை, எந்தக் குழந்தைக்கு, எத்தனை நாள் என்பதையெல்லாம் பெரிய, பொறுமையான சோதனைகள்தான் சொல்லும். அவை லாபம் தருபவை அல்ல.

பொதுப் பணம் வழி திறந்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு நெதர்லாந்து உதாரணம். ஆன்டிபயாட்டிக்கால் குடலின் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்ததும் குளோஸ்டிரிடியம் டிஃபிசில் என்ற கிருமி இடம் பிடித்துக்கொண்டு, ஓயாத வயிற்றுப்போக்கில் நோயாளியை வதைக்கும். ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைக் கரைத்து நோயாளியின் குடலில் செலுத்தினால் என்ன என்று ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் சோதித்தார்கள். முகம் சுளிக்க வைக்கும் யோசனைதான். 2013இல் வெளியான முடிவில், 16 நோயாளிகளில் 13 பேர் முதல் முறையிலேயே குணமடைந்தார்கள். வழக்கமான வான்கோமைசின் மருந்தில் 13 பேரில் நால்வர் மட்டுமே. அந்த நாட்டு அரசின் ஆராய்ச்சி நிதி இதற்குப் பின்னால் இருந்தது. பத்தாண்டு கழித்து, மலத்திலிருந்து பிரித்த பாக்டீரியா வித்துகளைக் கேப்சூலில் அடைத்த ‘வவ்ஸ்ட்’ என்ற மருந்துக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. அறிவிக்கப்பட்ட விலை 17,500 டாலர். பாதுகாப்பான தயாரிப்புக்கும் சோதனைக்கும் நிறுவனம் செலவழித்தது உண்மை, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இது நடக்கும் என்று முறையான சோதனையில் காட்டியவர்களுக்குப் படியளந்த மக்களுக்கு அந்த விலையில் ஒரு பேச்சுரிமை இருக்க வேண்டாமா?

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பழைய பங்கு உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ்.ராமகிருஷ்ணா குழுவினர் 48 காலரா நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2000இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது. வழக்கமான உப்பு-சர்க்கரைக் கரைசலோடு, சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவைச் சேர்த்தார்கள். அந்த மாவு பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்தால் அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைக்கும். அதில் உண்டாகும் கொழுப்பு அமிலங்கள் உப்பையும் நீரையும் உடலுக்குள் இழுக்கும். நோயாளிகள் இழந்த நீர் குறைந்தது, வயிற்றுப்போக்கும் சீக்கிரம் நின்றது. ‘மைக்ரோபயோம்’ என்ற சொல் செய்தித்தாள்களுக்கு வரும் முன்பே, ஒரு நோயாளியின் சொந்தக் குடல் பாக்டீரியாவை வேலைக்கு வைத்த சிகிச்சை இது. மக்காச்சோள மாவை விற்றுப் பெரும் லாபம் பார்க்க முடியாது. அப்படிப்பட்ட சிகிச்சையைத் தூக்கிப் பிடிக்க விளம்பரக்காரர்களும் வரமாட்டார்கள்.

அமெரிக்கா 2007இல் தொடங்கிய மனித நுண்ணுயிர்த் திட்டத்தைப் பற்றி ஒரு குறை சொல்வதுண்டு: கோடிக்கணக்கில் கொட்டியும் பட்டியல்தான் கிடைத்தது, மருந்து வரவில்லை என்று. குறை முழுக்கத் தவறில்லை. ஆனாலும் ஹூஸ்டன், செயின்ட் லூயிஸ் நகரங்களின் 242 ஆரோக்கியமானவர்களிடமிருந்து எடுத்த அந்தப் பட்டியல் இல்லாமல் எது இயல்பு, எது நோய் என்று பிரித்திருக்க முடியாது. நமக்கான பட்டியல் வேறு. போபால் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் மத்திய இந்தியாவிலும் கேரளத்திலும் 110 பேரிடம் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. தானியமும் காய்கறியும் மிகுந்த உணவுக்குப் பழகிய குடலில் பிரிவோட்டெல்லா என்ற பாக்டீரியா கோலோச்சுவதை அது காட்டியது. டெக்சாஸ்காரரின் குடலை அளவுகோலாக வைத்து போபால்காரருக்கு மருந்து எழுதுவது சரிவராது. இந்தியா முழுமைக்குமான பெரிய நுண்ணுயிர்த் திட்டம் பற்றிய பேச்சு எழுந்து ஆண்டுகள் ஓடிவிட்டன.

குடிநீரும் செவிலியரும் இல்லாத ஊருக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒடிசாவே பதில். பெரிய ஆஸ்பத்திரி எட்டாத அந்தக் கிராமங்களில்தான் அந்தப் பொடி வேலை செய்தது. குடிநீரும் வேண்டும், பொடியும் வேண்டும். அந்தச் சோதனையை வேறு மாநிலங்களில், வேறு பருவங்களில், எடை குறைந்த குழந்தைகளிடம் கவனமாக மறுபடி நடத்த வேண்டியது இந்திய அரசின் வேலை.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பழைய சோறு குடல் அழற்சி நோயாளிகளுக்கு உதவுகிறதா என்று ஆராய, தமிழக அரசு சுமார் 2.7 கோடி ரூபாய் ஒதுக்கியது சரியான திசையில் ஓர் அடி. பழைய சோற்றைக் காப்புரிமைக்குள் அடைக்க எந்த நிறுவனத்தாலும் ஆகாது என்பதே அரசு அதில் இறங்கப் போதிய காரணம். கூடவே ஒரு நிபந்தனையும் வேண்டும். முடிவு பழைய சோற்றின் புகழுக்குச் சாதகமாக வந்தாலும் வராவிட்டாலும் தரவுகளோடு வெளியாக வேண்டும். அமெரிக்கர்கள் 242 பேரிடம் திரட்டிய நுண்ணுயிர்த் தரவுகளை மதுரையில் படிக்கும் ஒரு முதுகலை மாணவி இன்று காசில்லாமல் தரவிறக்கிப் பார்க்க முடிகிறது. ஸ்டான்லியின் தரவும் அவளுக்கு அதே போல் கிடைக்க வேண்டும்.